மனைவி உரிமையாளர்கள் நலச் சங்கம்

ஐந்து பத்துக்கு ஜனார்தன் எழுந்தான். மோட்டார் போட்டான். கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். பால் காயும் நேரத்தில் பல் தேய்த்தான். காபி குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். கம்பெனிச் சட்டையைப் போட்டான். டேங்க் நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கதவைப் பூட்டினான். பதினான்கு மாதங்களாக இதில் எதுவும் மாறவில்லை. போன வாரம் ஒருநாள் கரண்ட் போய் போனில் சார்ஜ் தீர்ந்து அலாரம் அடிக்கவில்லை. அப்போதும் ஐந்து பத்துக்குத்தான் எழுந்தான்.

வீட்டிலிருந்து ஆர்ச்சுக்கு மூன்று நிமிட நடை. இடது பக்கம் முழுக்க ஏரிக்கரை. பிள்ளைப்பாக்கம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது கொக்குத்தாங்கல். மனை போட்டு விற்றவர்களுக்கு 'லேக்'. தை மாதமாதலால் கரை தொட நீர் நின்றது. நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளை தீற்றிக்கொண்டு, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தன. அக்கரையில் ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளின் விளக்குகள் இன்னும் அணையவில்லை. ஆர்ச்சுக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புக் கால்களில் சங்கத்தின் பலகை. 'லேக் வியூ அவென்யூ மனை உரிமையாளர்கள் நலச் சங்கம்' என்று படிக்கலாம். ஆனால் 'மனை'க்கும் 'உரிமையாளர்க'ளுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகம். அந்த இடத்தில் வெள்ளை பெயிண்ட் மற்ற இடங்களைவிடத் தடிமனாக இருக்கும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்து, உள்ளே கிடக்கும் 'வி' மெல்ல வெளியே வரும். இந்த வருஷமும் வந்திருந்தது.

பலகையின் அடியில் கோமதிநாயகம் கையில் ஃபைலோடு நின்றார். சங்கத்தின் செயலாளர். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இருபது வருஷமாகச் சென்னைப் பக்கம் இருக்கிறார். பேச்சு மட்டும் இன்னும் இடம்பெயரவில்லை. வாகன உதிரிப்பாகக் கம்பெனி ஒன்றில் ஆவணப் பிரிவு சூப்பர்வைசர். ஜனார்தனின் கம்பெனி பஸ் ஆறு ஐந்துக்கு வரும் என்பது தெரிந்து வந்து நின்றிருந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம பத்து மணி. மறந்துராதிய."

"ம்."

"நாப்பத்தோரு கையெழுத்து ஆயிட்டு. இன்னும் ஒண்ணு வேணும். மத்தவனெல்லாம் துபாய்லயும் கோர்ட்லயும் கெடக்கான். உங்க முப்பத்தேழாம் நம்பர் மட்டுந்தான் பாக்கி."

"மேதாவோடது," என்றான் ஜனார்தன்.

"அதத்தான் சொல்லுதேன். வாரிசு சர்டிபிகேட்டு வாங்கியாச்சுன்னு உங்க மாமனார் சொன்னாரே?"

"வாங்கியாச்சு. பீரோல இருக்கு."

"பீரோவுல இருந்தா அது எப்படி தம்பி கையெழுத்துப் போடும்?"

ஜனார்தன் பஸ் வரும் திசையைப் பார்த்தான். கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நிமிஷ வேலதான். ரிஜிஸ்டர்ல மேதா ஜனார்தன்னு டீச்சரே எழுதி வச்சிருக்கு. மேதாவ மட்டும் அடிச்சிட்டாப் போதும், ஜனார்தன் மிச்சம் இருக்கும்லா. புதுசா எழுதக்கூட வேண்டாம்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "கம்பெனிக்காரன் சங்க வரலாறு ஒரு பக்கம் கேக்கான். மினிட்ஸ் நோட்டு உங்க வீட்லதான கெடக்கு. நீங்களே எழுதிருங்க, என்ன?"

பஸ் வந்தது. ஜனார்தன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். மேதாவை அடித்தால் ஜனார்தன் மிச்சம். கணக்கு சரிதான்.

விஷயம் இதுதான். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, சமூகப் பொறுப்புத் திட்டத்தில் கொக்குத்தாங்கல் கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, கைப்பிடிக் கம்பியும் சூரிய விளக்கும் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தது. கம்பி முக்கியம். போன ஐப்பசியில்தான் சங்கத் தலைவர் அருள்நாதனின் மனைவி லூர்து மேரி கரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் அந்தக் கம்பெனியின் நெறிமுறைப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோமதிநாயகம் அதைத் தமிழில் எழுதி வாட்ஸப் குழுவில் போட்டார். 'தங்கள் சங்கத்தின் பதிவுப் பெயரை எங்கள் மொழிபெயர்ப்பாளர் மனைவிகளுக்கு உரிமையாளர்கள் என்று பொருள்கொண்டுள்ளார். இது பிழையா, அல்லது இப்பகுதியின் வழக்கமா என்று தெளிவுபடுத்தவும். பிழை என்றால் பிப்ரவரிக்குள் பெயரைத் திருத்தவும். வழக்கம் என்றால் எங்கள் குழு அதைப் பரிசீலிக்க வேண்டியிருக்கும்.' குழுவில் அன்று முழுக்க சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. வழக்கம் என்றே பதில் போட்டுவிடலாம் என்று ஏழு பேர் சொன்னார்கள். ஏழு பேருடைய வீட்டிலும் அன்று மாலை ஏதோ நடந்திருக்க வேண்டும். மறுநாள் எழுவரும் அந்தப் பதிவை அழித்திருந்தார்கள்.

பெயரை மாற்ற, இருக்கிற ஐம்பத்தாறு உறுப்பினரில் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அந்த விதியை எழுதியவளும் மேதாதான்.

சனிக்கிழமை ஜனார்தன் மினிட்ஸ் நோட்டைக் கம்பெனிக்கு எடுத்துப்போனான். கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். மேதா ஸ்ரீபெரும்புதூரில் தமிழ் டீச்சர். கையில் எப்போதும் சிவப்புப் பேனாதான் இருக்கும் என்பதால் மினிட்ஸும் சிவப்பு மையில்தான். பக்கம் பக்கமாகப் பார்த்தால் சங்கம் முழுவதற்கும் யாரோ திருத்தம் போட்டதுபோல் இருந்தது. 'முதலில் ஏரி இருந்தது' என்று எழுதினான். அடித்துவிட்டு 'முதலில் ஏரி இல்லை' என்று எழுதினான். யோசித்தான். இரண்டும் உண்மை.

2009இல் மனை விற்க வந்தவர்கள் அச்சடித்துக் கொடுத்த தாளில் நீல நிறத் தண்ணீரும் அதில் ஒரு மஞ்சள் படகும் இருந்தன. வேனில் வந்து இறங்கியவர்கள் பார்த்தது கருவேலங்காடு. நடுவில் கொஞ்சம் வெட்டாந்தரை. அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். லேக் எங்கே என்று கேட்டதற்கு, "இதான் சார். மழ வந்தா வியூ வந்துடும்," என்றார்களாம். கரையோரம் இருந்த முதல் வரிசைக்கு 'வியூ மனை' என்று பெயர். மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அருள்நாதன் அதில் ஒன்றை வாங்கினார். பின் வரிசையில் வாங்கியவர்கள் பிற்பாடு வியூவுக்காக இரண்டாம் மாடி எழுப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் மூன்றாம் மாடி. ஆறு வருஷம், இல்லாத தண்ணீரைப் பார்ப்பதற்காக ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் ஏறிக்கொண்டே போனார்கள்.

2015 டிசம்பரில் வியூ வந்தது. யாரும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஏரியே நேரில் வந்து ஒவ்வொரு வீட்டு ஹாலையும் பார்த்துவிட்டுப் போயிற்று. இங்கே நிரம்பினால்தான் மிச்சம் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். அந்த வருஷம் அங்கேயும் இடமில்லை. அப்போது கட்டி முடித்திருந்தவை ஒன்பது வீடுகள். ஒன்பது குடும்பமும் அருள்நாதன் வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாலினுக்குக் கீழே இரண்டு நாள். லூர்து மேரி ஒரே ஸ்டவ்வில் முப்பத்தொரு பேருக்கு மூன்று வேளையும் உப்புமா கிண்டினார். சங்கம் அந்த மாடியில்தான் பிறந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் கோமதிநாயகம் எழுதிய முதல் மினிட்ஸை மேதா பத்திரமாக நோட்டில் ஒட்டியிருந்தாள். 'தீர்மானம் 1: தண்ணீர் வடிந்ததும் சங்கம் ஆரம்பிப்பது. தீர்மானம் 2: இனி உப்புமா வேண்டாம். இரண்டும் ஒருமனதாக நிறைவேறின.'

ஜனார்தனும் மேதாவும் வந்தது 2017இல். மனை மேதாவின் அப்பா ஸௌந்தரராஜன் வாங்கி மகள் பெயரில் எழுதியது. கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். வெள்ளம் வந்த இடம் என்று தெரிந்தும், ஏரி பார்த்த வீடு யாருக்குக் கிடைக்கும் என்றார். கல்யாணம் ஆன வருஷமே வீடு கட்டிக் குடிவந்தார்கள். ஐம்பத்தாறு மனைகளில் பெண் பெயரில் இருந்தது அது ஒன்றுதான் என்பதால் கூட்டத்தில் உட்கார்ந்த ஒரே பெண் மேதா. கையெழுத்தும் நன்றாக இருந்தது. இரண்டாவது கூட்டத்திலேயே செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

2018இல் சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பமும் விதிமுறைகளும் டைப் அடிக்க வேண்டியிருந்தது. மேதா ஏரிக்கரையில் உட்கார்ந்து போனிலேயே அடித்தாள். 'மனை' என்று அடித்ததும் போன் அடுத்த எழுத்தைத் தானே போட்டுக்கொண்டு 'மனைவி' என்றது. அவள் கவனிக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பிரிண்ட் எடுத்தவர் கவனிக்கவில்லை. அருள்நாதன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டே பக்கத்துக்கு ஒன்றாக எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்ட ஏழு நிறுவன உறுப்பினர்களும் கவனிக்கவில்லை. பதிவு முத்திரை விழுந்தது. சான்றிதழைப் பார்த்து பெயின்டர் பலகையையும் எழுதினார். பிறகு கேட்டதற்கு, "படிச்சவங்க சங்கம். எதுனா காரணம் இருக்கும்னு நெனச்சிகினேன்," என்றார். பலகை பதினோரு நாள் அப்படியே நின்றது. பன்னிரண்டாம் நாள் பால்காரர்தான் அருள்நாதனிடம், "இன்னா சார், ஒரு மெம்பருக்கு எத்தினி வரிக்கும் அலவுடு?" என்று கேட்டார்.

மேதா அன்று சிரித்த சிரிப்பு ஜனார்தனுக்கு ஞாபகம் இருந்தது. பலகையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே கரைமேல் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க அரை மணி ஆயிற்று. "பத்தாம் கிளாஸ் பசங்க ஒரு ஒற்றெழுத்த விட்டாலே முட்டி போட வைக்கறேன் ஜனா," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். அதன் பிறகு ஐந்து முறை பொதுக்குழு கூட்டியும் நாற்பத்திரண்டு பேர் சேரவில்லை. பெயின்டரை வைத்து 'வி'யை மட்டும் மறைத்தார்கள்.

கேன்டீன் பையன் மேஜையைத் துடைக்க வந்தான். ஜனார்தன் ஒரு பக்கத்தை முடித்திருந்தான். கடைசி வரி, 'தற்போது சங்கத்தில் ஐம்பத்தாறு உறுப்பினர்கள் உள்ளனர்.' அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்தைந்து என்றுதான் எழுத வேண்டும். எழுதவில்லை.

அன்று சாயங்காலம் பீரோவிலிருந்து ஃபைலை எடுத்தான். மாமனார் அலைந்து வாங்கிய சான்றிதழ்கள், ரசீதுகள், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்காமல் அப்படியே கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். நாளைக்கு இரண்டு அடித்தல்கள். பலகையில் அவள் கவனிக்காமல் விட்ட எழுத்து ஒன்று. பதிவேட்டில் அவள் எழுதிய பெயர் ஒன்று. கம்பி இல்லாமல் லூர்து மேரி மறுபடி விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு என்றும் நினைத்தான். இப்படி மாறி மாறி நினைத்ததில் சோறு குழைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அருள்நாதன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சங்கத்துக்குச் சொந்தமானவை, நாற்பது. அருள்நாதனின் கார் வெளியே வெயிலில் நின்றது. ஏரிக் காற்று நேராக உள்ளே வந்தது. பெண்கள் வழக்கம்போல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். லூர்து மேரி மணிக்கட்டில் துணிப்பட்டையோடு மேல்படியில்.

"எல்லாம் வந்தாச்சாபா? ரைட், போலாம்," என்றார் அருள்நாதன். முப்பது வருஷம் பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லக் கேட்ட வார்த்தை. தலைவரான பிறகுதான் அவருக்கே சொல்லக் கிடைத்தது.

கோமதிநாயகம் வரலாற்றைப் படித்தார். மஞ்சள் படகுக்குச் சிரித்தார்கள். பால்காரருக்குக் கை தட்டினார்கள். உப்புமா வந்ததும் லூர்து மேரி எழுந்துவிட்டார். "அதுல இதையும் சேத்து எழுதிக்கோ ஜனா. வேணாம்னு தீர்மானம் போட்டவரு அன்னிக்கு மட்டும் மூணு தபா வாங்கித் துன்னாரு."

"அது பசிலா, மேரியம்மா," என்றார் கோமதிநாயகம்.

"பசின்னா உப்பு இல்லன்னு தெரிஞ்சுதாமா?"

அருள்நாதன் கையை உயர்த்தினார். "ஏய், வுடு மேரி. பத்து வருஷமாச்சு. ரைட், தீர்மானத்துக்குப் போலாம். பேர்ல கீற 'வி'ய எடுக்கறோம். யாருக்கனா ஆட்சேபண கீதா?"

"எனக்குக் கீது," என்றார் லூர்து மேரி.

"நீ மெம்பரே இல்லியேமா."

"அதத்தான் கேக்கறேன். மனைவி உரிமையாளர்கள்னு போர்டு வெச்சீங்க. நீங்க இன்னா படிச்சீங்க? எங்களுக்கு நீங்க ஓனருன்னு. நாங்க இன்னா படிச்சோம் தெரிமா? மனைவிங்கதான் உரிமக்காரங்கன்னு. தமிழ்ல ரெண்டும் ஒண்ணுதான், மேதா எனக்கு எழுதியே காமிச்சிது. ஏழு வருஷமா போர்டு எங்க பேர்ல, சேர் உங்க பேர்ல. இப்ப போர்டையும் எடுத்துக்கினா நாங்க இன்னாத்துக்கு? டீ ஊத்தவா?"

படிக்கட்டில் பலத்த கைதட்டல். பின் வரிசையில் வீடு கட்டி மூன்றாம் மாடிவரை போன மணிகண்டபிரபு எழுந்தான். "மேரி ஆன்ட்டி சொல்றது கரெக்ட்தான் சார். மேதா அக்கா இருந்திருந்தா, அந்த 'வி'ய எடுக்காதீங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க."

"அது எப்டிபா?" என்றார் அருள்நாதன். "டீச்சராச்சே. தப்புன்னா தப்பு, திருத்துங்கன்னுதான் சொல்லும்."

"டீச்சர் ஒண்ணும் சொல்லாது," என்றார் கோமதிநாயகம். "ஏழு பேரு கையெழுத்துப் போட்டியளே, ஒருத்தர்கூடப் படிக்கலியான்னு என்னையத்தான் பாக்கும்."

"எதுவும் சொல்லாதுபா. சிரிக்கும்," என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

ஜனார்தன் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று பலகைக்கு அடியில் கோமதிநாயகம் வாய்தவறிச் சொன்னது தவிர, பதினான்கு மாதமாக அவன் முன்னால் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. சொல்லவந்து நிறுத்திக்கொள்வார்கள். இன்றைக்கு விவாதச் சூட்டில் மறந்துபோய் ஆளுக்கு ஒரு மேதாவை எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் அவளைப் போலத்தான் இருந்தாள். இதில் எதையும் அவள் சொன்னதில்லை.

கடைசியில் லூர்து மேரியே வழி சொன்னார். வியை எடுத்துக்கொள்ளட்டும். பதிலுக்கு விதியை மாற்ற வேண்டும். மனைக்கு இரண்டு உறுப்பினர், புருஷன் ஒன்று பெண்டாட்டி ஒன்று.

"நூத்திப் பன்னண்டு பேரா!" என்றார் அருள்நாதன். "சேர் நாப்பதுதான் கீது."

"வாங்கு. ஒவ்வொரு வூட்டுக்கும் ரெண்டு சேர். ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு..." லூர்து மேரியின் பார்வை ஜனார்தன் மேல் விழுந்தது. பேச்சைப் பாதியில் நிறுத்தினார். ஏரியில் நாமக்கோழி ஒன்று கத்தியது தனியாகக் கேட்டது.

"பரவால்ல ஆன்ட்டி," என்றான் ஜனார்தன். "முப்பத்தேழுக்கு ஒண்ணு போதும். சேர் மிச்சம்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மணிகண்டபிரபு குனிந்துகொண்டு சிரித்தான். அருள்நாதன் சிரித்தார். லூர்து மேரி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஜனார்தன் எழுந்துபோய் ஃபைலை மேஜைமேல் வைத்தான்.

2018க்குப் பிறகு கோமதிநாயகம் எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிக்காமல் விட்டதில்லை. மின்சார ரசீதைக்கூட இரண்டு பக்கமும் படிப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பெனிப் பழக்கத்தில், வாய்விட்டே படித்தார். "வாரிசுச் சான்று, சரி. இறப்புச் சான்று, சரி. வீட்டு வரி, சரி. இதென்ன, ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டு. இது நமக்கு வேண்டாம்..." ஆனாலும் கண் ஓடியது. "நோயாளி பெயர் மேதா. வயசு முப்பத்திரண்டு. உடன் வந்தவர் ஜனார்தன். உறவு முறை..." நின்றார். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இதுல ஒரு தப்பு இருக்கே. உறவு முறை, ஹவுஸ் ஓனர்னுல்லா போட்டிருக்கான்?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. அருள்நாதன்தான் முதலில் கண்டுபிடித்தார். "அடேய், இதுல இன்னா கீது? வூட்டுக்காரரு வந்திருக்காருன்னு சொல்லியிருக்கும். அந்த நர்சு அத அப்டியே இங்கிலீசுல மாத்தி ஹவுஸ் ஓனருன்னு எழுதிகினா. அவ்ளோதான்!"

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. "நம்ம சங்கத்துல சேந்தா எல்லாப் பேப்பர்லயும் இப்டித்தான் வரும்போல," என்று யாரோ சொல்ல மறுபடி சிரிப்பு கிளம்பியது.

"இல்ல," என்றான் ஜனார்தன்.

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினான். முப்பத்தேழாம் வரி. சிவப்பு மை, சாய்வில்லாத நேர் எழுத்து. மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து 'மேதா' மேல் ஒரு கோடு இழுத்தான். எழுத்து தெரியும்படி மெல்லிய கோடுதான். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து. பிறகு தீர்மானத் தாளில் நாற்பத்திரண்டாவது கையெழுத்து. பேனாவை மூடி வைத்தான். அருள்நாதன் ரைட் சொல்லவில்லை. ஏரியிலிருந்து வந்த காற்று தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது. கோமதிநாயகம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்காரர்னு அவ சொல்லல," என்றான் ஜனார்தன். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடந்த வரிசையிலேயே சொன்னான். காலையில் தலைவலி என்றாள். வாந்தி எடுத்தாள். காரில் கூட்டிக்கொண்டு போனான். வாசலில் வண்டியை விடக்கூடாது என்று வாட்ச்மேன் விரட்டினார். அவளை வீல்சேரில் உட்காரவைத்துவிட்டு இடம் தேடிப் போனான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. ஓடி வந்தான். பதினோரு நிமிஷம். அதற்குள் நினைவு போய் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பிறகு அவள் கண் திறக்கவில்லை. சீட்டு எழுதிய நர்ஸ் சின்னப் பெண். நீங்க அவங்க ஹவுஸ் ஓனரா சார் என்று கேட்டாள். புருஷன் என்றதும் பதறிப்போனாள். மாத்திடறேன் சார், நானா எழுதல, அவங்கதான் அப்படிச் சொன்னாங்க என்றாள். என்ன சொன்னாள் என்று இவன் கேட்டான். நர்ஸ் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மாத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று இவன் சொல்லிவிட்டான்.

"இன்னாபா சொல்லிச்சி?" என்றார் லூர்து மேரி, மிக மெதுவாக.

"கூட யாரும்மா வந்திருக்காங்கன்னு நர்ஸ் கேட்டிருக்கா," என்றான் ஜனார்தன். அவன் வாய் கோணியது. சிரிப்பு வருவதுபோல் இருந்தது. "அதுக்கு இவ, 'என் ஓனர் வந்திருக்கார். வெளியில வண்டி நிறுத்திண்டிருக்கார். பயப்படாதீங்கோ, ரிஜிஸ்டர் பண்ணின ஓனர்தான்.'"